சொல்லிட்டுப் போங்கம்மா

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் அங்கன்வாடி பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சத்துமாவு பத்திப் பேசுங்க டீச்சர்" என்றார்கள். சத்துமாவு பற்றி மாசாமாசம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போகிறீர்கள். அதில் சில பாக்கெட் ஆட்டுக்குப் போவதும் எனக்குத் தெரியும். (சிரிப்பு) அதனால் இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். ஜூன் மாசத்து அழுகையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஜூன் மாசம் முதல் பத்து நாள் எங்கள் மையத்துப் பக்கம் வந்து பாருங்கள். தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். ஒரு பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஒரு பிள்ளை வாசற்படியில் குப்புறப் படுத்துக்கொள்ளும். ஒரு பிள்ளை அழுது அழுது காலையில் குடித்த பாலைக் கக்கிவிடும். ஒன்று ஓயும்போது இன்னொன்று எடுத்துக் கொடுக்கும், பஜனைக் கோஷ்டி மாதிரி. இதற்கு நடுவில் ஆயா சோறு வடிக்க வேண்டும், நான் வருகைப் பதிவு போட வேண்டும். அந்த வழியாகப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பிள்ளையை அடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சிரிக்க நல்லா இருக்கு. ஆனால் இந்தப் பத்து நாளில்தான் நிறைய குடும்பத்தில் பல விஷயம் முடிவாகிவிடுகிறது. மூன்று நாள் அழுதால் நாலாவது நாள் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். "பாவம் டீச்சர், இளைச்சுப் போச்சு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்கள். சரி, அடுத்த வருஷம் வரைக்கும் பிள்ளையை யார் பார்ப்பது? ஒன்று, அம்மா வேலையை விட வேண்டும். பூத்தோட்டத்துக்குப் போகிறவளோ, தக்காளி பறிக்கப் போகிறவளோ, ஓசூர் பக்கம் கம்பெனி வண்டியில் ஏறுகிறவளோ, யாராக இருந்தாலும் அந்த வருமானம் நின்றுவிடும். குழுவில் தவணை கட்ட முடியாமல் முதலில் தவிப்பவளும் அவள்தான். இல்லை என்றால் கண் சரியாகத் தெரியாத பாட்டியிடம் விட வேண்டும். அதுவும் இல்லை என்றால் அஞ்சாம் வகுப்பு படிக்கிற அக்காவை வீட்டில் நிறுத்துகிறார்கள். "ரெண்டு நாள்தான்" என்று சொல்லி நிறுத்திய பெண் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் வீட்டிலேயே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சின்னது அழுததற்குப் பெரியதின் படிப்பு போகிறது. அதனால்தான் இந்த அழுகையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

பிள்ளை ஏன் அழுகிறது? ரெண்டரை வயது, மூணு வயதுப் பிள்ளைக்கு அம்மா என்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற அம்மாதான். கண்ணுக்கு மறைந்த அம்மா திரும்பி வருவாள் என்கிற நம்பிக்கை அதுக்கு இனிமேல்தான் வர வேண்டும். "சாயங்காலம் வரேன்" என்றால் அதுக்கு ஒன்றும் புரியாது. மூணு மணி, நாலு மணி எல்லாம் நமக்குத்தான். அதுக்குத் தெரிந்த கடிகாரம் வேறே. சோறு தின்றது, தூங்கினது, எழுந்தது, வெளியே போய் விளையாடினது, இதுதான் அதன் நேரக் கணக்கு.

இப்போது நாம் எப்படி விட்டுவிட்டுப் போகிறோம் என்று பார்ப்போம். பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கிற சமயம் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக நழுவுகிறோம். இல்லையென்றால், "அம்மா கடைக்குப் போய் முட்டாய் வாங்கிட்டு வரேன்" என்கிறோம். கடை எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். போய்விட்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்றும் அதுக்கு ஓரளவுக்குத் தெரியும். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்கும்போதும் எழுந்து ஓடும். மளிகை சாமான் இறக்க வந்த ஆள் உள்ளே வருவார். அதுக்கு மறுபடியும் அழுகை.

அப்புறம் ராத்திரி வீட்டில் என்ன நடக்கிறது என்று நீங்களே வந்து என்னிடம் சொல்கிறீர்கள். "டீச்சர், என்னை விட்டு நகரவே மாட்டேங்குது. பாத்ரூம் போனாக்கூட வெளியே நின்னு கதவைத் தட்டுது. தூக்கத்துல என் சேலையைப் பிடிச்சுக்கிட்டே தூங்குது." பின்னே என்ன பண்ணும்? அன்றைக்கு ஒரு நிமிஷம் பார்வையைத் திருப்பியதற்குள் அம்மாவைக் காணோம். அதனால் இனிமேல் பார்வையைத் திருப்பவே கூடாது என்று அது முடிவு பண்ணியிருக்கிறது. பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, காவல் காக்கிறது.

சொல்லிவிட்டுப் போனால் அழுமே என்று கேட்பீர்கள். அழும்தான். சொல்லிவிட்டுப் போனால் உங்கள் முன்னால் அழும், சொல்லாமல் போனால் நீங்கள் போன பிறகு அழும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சொல்லிவிட்டுப் போன பிள்ளையின் அழுகை நாலைந்து நாளில் குறைந்துகொண்டே வரும். எப்படிச் சொல்ல வேண்டும்? அதன் கணக்கிலேயே சொல்லுங்கள். "நீ இங்க சோறு சாப்பிடுவே, தூங்குவே, எழுந்து முகம் கழுவுவே, அப்புறம் அம்மா வந்துடுவேன்." ஒரு முத்தம் கொடுங்கள், ஆயா கையில் கொடுங்கள், போங்கள். வாசலில் நின்று மூணு தடவை திரும்பிப் பார்க்காதீர்கள். நீங்கள் கண்ணைத் துடைத்தால், இது பயப்பட வேண்டிய இடம்தான் போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவதுதான் இதில் பெரிய விஷயம். தூங்கி எழுந்ததும் வருவேன் என்று சொன்னால், எழுந்த நேரத்துக்கு நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாள் தவறினால்கூட மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வர முடியாது, பாட்டிதான் வருவார் என்றால் பாட்டி என்றே சொல்லுங்கள்.

எங்கள் மையத்தில் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதல் நாள் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடலாம். அடுத்த நாள் அம்மா உள்ளேயே உட்கார்ந்திருப்பாள், ஆனால் பிள்ளையோடு விளையாட மாட்டாள், அரிசியில் கல் பொறுக்குவாள். ஆயாவுக்கும் உதவியாச்சு. மூணாவது நாள் அம்மா சொல்லிவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் வருவாள். அப்புறம் சோற்று நேரம் வரைக்கும், அப்புறம் முழு நாள். பிள்ளைக்குப் பிள்ளை இதில் கூடும் குறையும். மூன்றே நாளில் பழகியதும் உண்டு, ஒரு மாசம் எடுத்ததும் உண்டு.

இதைச் சொன்னபோது ஓர் அம்மா என்னை நேராகக் கேட்டாள். "டீச்சர், நாலு நாள் உக்காந்து கல் பொறுக்கினா என் கூலியை யார் குடுப்பா?" நியாயமான கேள்வி. நூறு நாள் வேலைக்குப் போனால் காலையில் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். புளி கொட்டை எடுக்கிற வேலை என்றால் எடுத்த அளவுக்குத்தான் காசு. அவளிடம் போய்ப் பிள்ளை மனசு, அது இது என்று நான் பாடம் நடத்த முடியுமா?

அதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அவளுடைய குழுவில் இருந்தவர்கள். அந்தக் குழுக் கூட்டம் எங்கள் மையத்திலேயே நடக்கும். கூட்டம் முடிந்து சேமிப்புப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர், "பிள்ளை என் மடியில வளர்ந்ததுதானே, ரெண்டு நாள் நான் வந்து உக்காருறேன்" என்றார். வேலைக்குப் போகாத இன்னொரு தங்கச்சி ஒரு நாள் ஏற்றுக்கொண்டாள். முதல் நாள் மட்டும் அம்மா வந்தாள். பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்று அறைக்குள் இருந்தது, அதுதான் வேண்டியது, அது அம்மா முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த வாரமே மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ரயில் வண்டி ஓட்டியது. அம்மாவுக்குப் போனது ஒரு நாள் கூலிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் முதல் வாரம் அழவே அழாது. சிரித்துக்கொண்டே வரும். அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிடுவாள். ரெண்டாவது வாரம் ஆரம்பித்துவிடும் பாருங்கள், காலையில் எழுந்ததுமே "வயிறு வலிக்குது". அப்போது, "டீச்சர் என்ன பண்ணினாங்க?" என்று கேட்க வேண்டாம், நான் ஒன்றும் பண்ணவில்லை. நாமெல்லாம் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு என்று போய்விடும். இனிமேல் இங்கேதான் என்று புரிகிற அன்றைக்குத்தான் அம்மா வீட்டு ஞாபகம் வந்து, அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். பிள்ளைக்கும் அப்படித்தான். பொங்கல் லீவு முடிந்து வரும்போதும் ரெண்டு நாள் அழும், காய்ச்சல் வந்து படுத்து எழுந்து வந்தாலும் அழும். அது பழையபடி கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அழுகிற பிள்ளையைவிட எனக்கு அதிகக் கவலை அழாமல் ஒரு மூலையில் நிற்கிற பிள்ளைதான். தோளில் மாட்டின பையைக் கழற்றவே கழற்றாது. சோறு வைத்தாலும் பையோடு உட்கார்ந்திருக்கும். எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக இருக்கிறதாம். "எங்க பிள்ளை தொந்தரவே பண்ணாது" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பிள்ளையிடம் பையைக் கழற்று என்று நாங்கள் சொல்வதில்லை. ஆயா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வார். நாலு நாள் கழித்து அதுவும் ஒரு காம்பை எடுத்துக் கிள்ளும். என்றைக்கு அந்தப் பை ஆணிக்குப் போகிறதோ, அன்றைக்குத்தான் அது எங்கள் மையத்துப் பிள்ளை.

நம் பகுதியில் பாதி வீட்டில் தெலுங்கு, சில வீட்டில் கன்னடம். வீட்டில் "நீள்ளு" என்று கேட்டுப் பழகின பிள்ளை இங்கே வந்து அதையே கேட்கும். புது ஆள் யாராவது இருந்தால் புரியாது. தாகம் தீராமல் அழும். ஒண்ணுக்குப் போவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு வார்த்தை. "மூச்சா" என்பார்கள், "ஒண்ணுக்கு" என்பார்கள், சுண்டு விரலை மட்டும் காட்டச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த வார்த்தை தெரியாததால் பிள்ளை அடக்கி வைத்து, கடைசியில் டிரவுசரில் போய்விட்டு, வெட்கப்பட்டு, மறுநாள் வர மாட்டேன் என்கிறது. சேர்க்கிற அன்றைக்கே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிடுங்கள். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், எதைக் கண்டால் பயம், தூளியில் தூங்குமா பாயில் தூங்குமா, முதுகில் தட்ட வேண்டுமா தலையைக் கோத வேண்டுமா. ஆதார் நம்பர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிறீர்கள், எனக்கு அதைவிட இது அவசரம். உங்கள் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்துப் பையில் வைத்து விடுங்கள். தூங்குகிற நேரத்துக்கு அந்த வாசனை போதும்.

சாப்பாட்டில் கட்டாயம் வேண்டாம். வீட்டில் போனைக் காட்டிக்கொண்டே ஊட்டிப் பழகியிருந்தால் இங்கே வட்டமாக உட்கார்ந்து தன் கையால் சாப்பிட ஒரு வாரம் தடுமாறும். பக்கத்துப் பிள்ளை முட்டையில் மஞ்சக்கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைத் தள்ளும், இது வெள்ளையை மட்டும் தின்னும், தானாகப் பண்டமாற்று நடக்கும். நான் கண்டுகொள்வதில்லை.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் சேட்டை பண்ணினால், "இரு, டீச்சர்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுறேன்" என்று சொல்லாதீர்கள். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுகிற நர்ஸம்மா, இந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டால், மறுநாள் காலையில் அந்தப் பூச்சாண்டி மடியிலேயே கொண்டுவந்து உட்கார வைக்கிறீர்களே, பிள்ளை எப்படி உட்காரும்?

இந்த அங்கன்வாடி எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். மகாராஷ்டிராவில் தாராபாய் மோடக் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1945-இல் போர்டி என்கிற கிராமத்தில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணம், சில மாசத்திலேயே விதவை, அதற்கப்புறம் படித்து ஆசிரியை ஆனவர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வராத பிள்ளைகளைக் குறை சொல்லாமல் இவர்கள் பள்ளியையே தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார்கள், வீட்டு முற்றத்தில் உட்கார வைத்துப் பாட்டும் விளையாட்டும் நடத்தினார்கள். முற்றம் என்பதுதான் அங்கன். பிள்ளைக்குத் தெரிந்த இடம், கூப்பிட்டால் வீட்டுக்குக் கேட்கிற தூரம். அதற்குப் பல வருஷம் கழித்து, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 இடங்களில் ஆரம்பமானது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேல் மையங்கள். 1982-இல் சத்துணவு வந்தபோது முதலில் சோறு கிடைத்தது கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். இங்கே இருக்கிற இளம் தாய்மார் பல பேர் அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே.

ஆனால் இப்போது குழுவில் உள்கடன் எடுத்து, மூணு வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அனுப்புகிறோம். அது அவரவர் விருப்பம், நான் தடுக்கவில்லை. "அங்கே எழுத வைக்கிறாங்க, நீங்க விளையாடத்தானே விடுறீங்க" என்று என்னிடம் சொல்வதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். மூணு வயதுப் பிள்ளையின் கை பென்சில் பிடித்து எழுத இன்னும் தயாராகவில்லை. களிமண் உருட்டுகிறதே, மணி கோக்கிறதே, கீரைக் காம்பு கிள்ளுகிறதே, அதுதான் எழுதுவதற்கான பழக்கம். எங்கள் பாடத்திட்டத்துக்கே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்றுதான் பேர். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 மையங்களில் அரசே எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தது. அதுவும் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள். எங்கே சேர்த்தாலும் சரி, முதல் நாளே வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தாதீர்கள். வேனுக்குப் பின்னால் அம்மாவைத் தேடுகிற அந்த முகத்தை நான் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறேன்.

கூட்டமைப்பிடம் எனக்கு ஒரு கோரிக்கை. நம் மாவட்டத்தில், பழைய தர்மபுரி மாவட்டமாக இருந்தபோது, 1989-இல்தான் முதன்முதலில் இந்த மகளிர் குழுக்கள் ஆரம்பித்தன. அப்போது ஒருத்தி வீட்டில் பிரசவம் என்றால் மற்றவர்கள் முறை போட்டுச் சோறு கொண்டுபோனார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதே மாதிரி, எந்தக் குழுவில் யார் வீட்டுப் பிள்ளை அங்கன்வாடிக்குப் புதுசாக வருகிறதோ, அந்த வாரம் கூட உட்கார யார் யார் வருவது என்று மே மாசக் கூட்டத்திலேயே பேசித் தீர்மான நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரத் தவணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்றும் பாருங்கள், அது உங்கள் குழு முடிவு. எந்த வீட்டிலாவது பெரிய பெண் குழந்தை பள்ளிக்குப் போகாமல் தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொண்டிருந்தால், ஊக்குநர் எனக்கு ஒரு போன் போடுங்கள். நானே அந்த வீட்டுக்கு வருகிறேன்.

ஜூனில் சேர்க்கப் போகிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்போதே ஏதாவது ஒரு நாள் மூணு மணிக்கு மேல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்கி எழுந்து முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பை வேண்டாம், புதுச் சட்டை வேண்டாம். மணலில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு உங்களோடயே வீட்டுக்குப் போகட்டும். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா வருவார்கள். முதல் முதலாக வருகிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் போனால், அப்புறம் ஜூனில் நீங்களும் நானும்தான் அழ வேண்டும்.